சில ஆய்வுத் தலைப்புகளைத் தொடாமலே விட்டுவிடலாமா?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 9

ஆய்வுச் சுதந்திரம் என்று சொல்லிக்கொண்டு எதை வேண்டுமானாலும் ஆராயலாமா? ஓர் இனம் இன்னோர் இனத்தைவிட அறிவில் குறைந்ததா என்று அளப்பது, கொடிய வைரஸை இன்னும் கொடியதாக்கிப் பார்ப்பது, மாணவர்களிடமே போய்த் தற்கொலை பற்றிக் கேட்பது. ஆராய வேறு விஷயமே இல்லையா? சில தலைப்புகளை ஒதுக்கி வைப்பதுதான் பொறுப்பு என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து?

பிப்ரவரி 9, மாலை

தலைப்பில் குற்றமில்லை, செய்கிற விதத்தில்தான் குற்றம். இதுதான் என் பதில்.

டஸ்கிகி ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். 1932 முதல் 1972 வரை நாற்பது ஆண்டுகள். அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, அலபாமா மாநிலத்தில் சிஃபிலிஸ் நோயுள்ள 399 கறுப்பின ஆண்களைச் சேர்த்து, நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, அந்த நோய் இல்லாத 201 பேர். ‘கெட்ட ரத்தத்துக்கு வைத்தியம்’ என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். 1940-களில் பென்சிலின் வழக்கமான மருந்தாகிவிட்ட பிறகும் இவர்களுக்குக் கொடுக்கவில்லை.

சிஃபிலிஸ் என்ன சர்ச்சைக்குரிய தலைப்பா? யார் போடும் தடைப்பட்டியலிலும் அது இருந்திருக்காது. தலைப்பை மட்டும் பார்த்து அனுமதி கொடுப்பதாக இருந்தால், முதல் நாளே கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

பிப்ரவரி 9, இரவு

கேள்வியில் ‘மாணவர்களிடமே தற்கொலை பற்றி’ என்று வந்ததால் தூக்கம் வரவில்லை. சொல்லிவிடுகிறேன்.

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து எனக்கு அப்போது இரண்டாம் ஆண்டு. ஆய்வு மாணவர்கள் ஏன் பாதியில் விட்டுப் போகிறார்கள் என்பது தலைப்பு. நாற்பது கேள்விகள் கொண்ட படிவம் தயார் செய்தேன். பதினேழாவது கேள்வி: ‘ஆய்வில் சேர்ந்த பிறகு, உயிரோடு இருக்க வேண்டாம் என்று எப்போதாவது தோன்றியதுண்டா?’

நெறியாளர் மேடம் ஒரு வாரம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். மற்ற பக்கங்களில் எல்லாம் சிவப்பு மை. சொல் மாற்றம், ஒற்றுப்பிழை, ‘இதை இரண்டாகப் பிரிக்கவும்’ என்று நிறைய. 17-ஆம் கேள்வி மேல் மட்டும் பென்சில் கோடு. அளவுகோல் வைத்து நேராகப் போட்டிருந்தார். ஓரத்தில் ‘வேண்டாமே’ என்று சின்ன எழுத்தில்.

“ஏன் மேடம்?”

“விடுங்க. கேட்க வேற நிறைய இருக்கு.”

விட்டுவிட்டேன். 18 என்பதை 17 ஆக்கினேன், 19 என்பதை 18 ஆக்கினேன், கடைசி வரை. ஆய்வேடு 39 கேள்விகளோடு போய்ச் சேர்ந்தது. ஒரு கேள்வி எடுக்கப்பட்டது என்று அதில் ஓரிடத்திலும் இல்லை. இன்றைக்கு யாராவது எடுத்துப் படித்தால், ஆய்வு மாணவர்களுக்குப் பணக்கஷ்டம் இருந்தது, நெறியாளரோடு ஒத்துப்போகவில்லை, தூக்கமில்லை என்றெல்லாம் தெரியும். அதற்கு மேல் என்ன இருந்தது என்று தெரியாது. தெரியவில்லை என்பதும் தெரியாது.

பிப்ரவரி 10

நேற்றைய குறிப்பைப் படித்த ஒருவர், “கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்தது போல ஆகாதா? மேடம் செய்தது சரிதான்” என்கிறார்.

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஆனால் அந்தப் பயத்தையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பள்ளிகள், 2,342 மாணவர்கள். குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குத் தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விகள் உள்ள படிவம், மறுபாதிக்கு அவை இல்லாத படிவம். இரண்டு நாள் கழித்து எல்லாரிடமும் கேட்டார்கள். கேள்வியைப் பார்த்தவர்களிடம் மனஉளைச்சலும் கூடவில்லை, அந்த எண்ணமும் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகள், முன்பு முயன்று பிழைத்த பிள்ளைகள், இவர்களுக்குக் கேட்டது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கிறது. 2005-இல் வெளிவந்த ஆய்வு. அதற்குப் பிறகு வந்தவையும் பெரும்பாலும் இதே பக்கம்தான் நிற்கின்றன.

இந்த ஆய்வுக்கும் யாராவது ‘வேண்டாமே’ என்று கோடு போட்டிருந்தால், கேட்பது ஆபத்தா இல்லையா என்பதே இன்றுவரை ஊகமாகத்தான் இருந்திருக்கும்.

பிப்ரவரி 12

வைரஸ் பற்றிப் பதில் சொல்லாமல் நழுவுகிறேன் என்று ஒருவர். நியாயம்.

2011-இல் இரண்டு குழுக்கள், ராட்டர்டாமில் ரான் ஃபவுஷியே, விஸ்கான்சினில் யோஷிஹிரோ கவாவோகா, எச்5என்1 பறவைக் காய்ச்சலைக் கையில் எடுத்தன. மனிதருக்குத் தொற்றினால் பாதிப் பேருக்கு மேல் கொல்கிறது என்று அப்போது பதிவாகியிருந்த வைரஸ். நல்லவேளையாக, மனிதரிடமிருந்து மனிதருக்கு எளிதாகப் பரவாது. ஃபெர்ரெட் என்ற கீரி போன்ற விலங்கில் இது காற்றுவழி பரவ என்னென்ன மாற்றம் போதும் என்று இவர்கள் பார்த்தார்கள். சில மாற்றங்களே போதும் என்று தெரிந்தது.

இங்கே என் முதல் பதில் உதவவில்லை. யாரையும் ஏமாற்றவில்லை, யாருக்கும் மருந்தை மறுக்கவில்லை. ஆய்வு நெறி எதுவும் மீறப்படவில்லை. கிடைத்த விடைதான் ஆபத்து. ‘செய்கிற விதத்தில்தான் குற்றம்’ என்று 9-ஆம் தேதி அடித்துச் சொன்னேன் அல்லவா, அது இங்கே நிற்காது. திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் அப்போது நடந்ததைக் கவனியுங்கள். உயிரியல் பாதுகாப்புக்கான அமெரிக்க ஆலோசனைக் குழு 2011 டிசம்பரில் சொன்னது: முடிவை வெளியிடுங்கள், செய்முறை விவரத்தை விட்டுவிடுங்கள். 2012 ஜனவரியில் அந்தத் துறை ஆய்வாளர்கள் தாங்களாகவே 60 நாள் வேலையை நிறுத்தினார்கள். பெரிய விவாதம் நடந்தது. குழு திருத்திய கட்டுரைகளைப் பார்த்துத் தன் முடிவை மாற்றிக்கொண்டது. இரண்டும் அதே ஆண்டு வெளியாயின.

வெளியிட்டது சரியா தவறா என்பதில் எனக்கு இன்னும் தடுமாற்றம்தான். ஆனால் நிறுத்தியவர்கள் யார், ஏன் நிறுத்தினார்கள், எத்தனை நாளுக்கு என்று எல்லாருக்கும் தெரியும். இந்த மூன்றும் என் 17-ஆம் கேள்விக்கு இல்லை.

பிப்ரவரி 12, சற்றுப் பிறகு

திருத்தம். 60 நாள் என்று சொன்னது அறிவித்த கணக்கு. நிஜத்தில் அந்த நிறுத்தம் ஓராண்டு நீண்டு 2013 ஜனவரியில்தான் முடிந்தது. 2014 அக்டோபரில் அமெரிக்க அரசு இந்த வகை ஆய்வுகளுக்குப் பணம் தருவதை நிறுத்தி, 2017 டிசம்பரில் மறுபடி திறந்தது. தேதி போட்டு நிறுத்தினாலும் நீளும். அது தெரிந்தே சொல்கிறேன்.

பிப்ரவரி 15

கொஞ்சம் வழி விலகுகிறேன், ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1939 தொடக்கத்தில் அணுப்பிளவு பற்றி வெளியிடாதீர்கள் என்று லியோ சிலார்ட் சக விஞ்ஞானிகளைக் கெஞ்சாத குறை. ஹிட்லரின் ஆட்கள் படித்துவிடுவார்கள் என்ற பயம். பாரிஸில் ஜோலியோ-க்யூரி கேட்கவில்லை, வெளியிட்டுவிட்டார். பிறகு 1940-இலிருந்து அமெரிக்க இதழ்களில் அந்த விஷயமே வராமல் பார்த்துக்கொண்டார்கள்.

ரஷ்யாவில் கியோர்கி ஃப்ளியோரொவ் என்ற இளம் இயற்பியலாளர், 1942-இல், நூலகத்தில் இதழ்களைப் புரட்டுகிறார். அணுப்பிளவு பற்றி ஒரு கட்டுரைகூட இல்லை. முன்பு எழுதிக்கொண்டிருந்த பெயர்கள் ஒன்றையும் காணோம். உடனே புரிந்துகொண்டார்: ரகசியமாக அணுகுண்டு செய்கிறார்கள். ஸ்டாலினுக்கே கடிதம் எழுதினார்.

பேசாமல் இருந்ததே அவருக்குத் தகவலாகிவிட்டது. காரணம், அங்கே முன்பு பேச்சு இருந்தது. அது நின்றபோது நின்றது தெரிந்தது. தொடங்கவே இல்லாத ஆய்வு அப்படியில்லை. எந்த நூலகத்தில் எத்தனை இதழைப் புரட்டினாலும் கண்ணில் படாது.

பிப்ரவரி 16

“தடையே இல்லாத நாட்டில் யார் தடுக்கிறார்கள்?” இது இன்று வந்த கேள்வி.

தடை என்றாலே நமக்குச் சோவியத் நாடுதான் நினைவுக்கு வருகிறது. 1948 ஆகஸ்டில் வேளாண் விஞ்ஞானி லைசென்கோ தலைமையில் மரபியலையே ஒழித்துக்கட்டினார்கள். அதற்கு முன்பே, உலகெங்கும் சுற்றிப் பயிர் விதைகளைச் சேர்த்த நிக்கொலாய் வவிலோவ் 1940-இல் கைதாகி, 1943-இல் சிறையில் இறந்துபோனார். இது கண்ணுக்குத் தெரிகிற தடை. வரலாற்றில் பதிந்துவிட்டது, யாரும் நியாயப்படுத்துவதில்லை.

தெரியாத வகை இன்னொன்று. 1996-இல் அமெரிக்க நாடாளுமன்றம் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் நிதிச் சட்டத்தில் ஒரு வாக்கியம் சேர்த்தது: காயத் தடுப்புக்கான பணத்தைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கவோ வளர்க்கவோ செலவிடக் கூடாது. கொண்டுவந்தவர் ஜே டிக்கி. ‘ஆராயக் கூடாது’ என்று ஒரு சொல் அதில் இல்லை. ஆனால் துப்பாக்கிக் காயம் பற்றிய ஆய்வுக்கு முந்தைய ஆண்டு செலவான அதே 26 லட்சம் டாலரை வெட்டி வேறு வேலைக்குத் திருப்பிவிட்டார்கள். அதிகாரிகளுக்கு அது போதும். யார் போய் வம்பை விலைக்கு வாங்குவார்கள்? ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த மையத்தின் பணம் அந்தப் பக்கம் சரியாகப் போகவில்லை. 2019 டிசம்பரில்தான் அதற்கென்று இரண்டரைக் கோடி டாலர் ஒதுக்கினார்கள், அந்த மையத்துக்கும் தேசிய சுகாதார நிறுவனங்களுக்கும் (என்.ஐ.எச்) பாதிப் பாதி. அதற்கு முன், 2012-இல், டிக்கியே அந்த மையத்தின் பழைய அதிகாரியோடு சேர்ந்து, ஆய்வு நடக்க வேண்டும் என்று செய்தித்தாளில் எழுதினார். தான் போட்ட வாக்கியத்தின் விளைவைப் பார்த்து மனம் மாறியவர். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

2005-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஒன்றும் நினைவுக்கு வருகிறது. பெயர்பெற்ற 41 ஆய்வாளர்களிடம் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். சட்டம், விதிமுறை இவற்றைவிட, எழுதாத கட்டுப்பாடுகளே அவர்களை அதிகம் தடுத்திருந்தன. சக ஆய்வாளர் என்ன சொல்வார், செய்தித்தாளில் எப்படி வரும், யார் மறியல் செய்வார்கள். எனக்கு அது புதிதாகவே தோன்றவில்லை. பென்சில் கோடுதான்.

பிப்ரவரி 20

இனமும் அறிவுத்திறனும். இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், ஏனென்றால் எனக்கே பிடிக்காத தலைப்பு. இந்த மாதிரி ஒப்பீட்டை வைத்துத்தான் ஒரு கூட்டத்தையே தாழ்த்தி வைத்தார்கள், குடிபுகவிடாமல் தடுத்தார்கள், கருத்தடை செய்தார்கள். “இது வெறும் ஆய்வுதானே” என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அப்புறம் ஜேம்ஸ் ஃப்ளின்னை நினைத்துக்கொள்வேன். நியூசிலாந்தில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் அரசியல் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர். மனதளவில் முழுச் சமத்துவவாதி. அறிவுத்திறன் தேர்வில் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் உள்ள மதிப்பெண் வித்தியாசத்துக்குப் பரம்பரை பெருங்காரணம் என்று அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஜென்சன் எழுதியபோது, ‘அசிங்கம்’ என்று ஒதுங்காமல், அந்த வாதத்தை உள்ளே புகுந்து உடைக்கக் கிளம்பினார். பழைய தேர்வுத் தாள்களையும் மதிப்பெண் அட்டவணைகளையும் ஒப்பிட்டபோது அவர் எதிர்பாராத ஒன்று கிடைத்தது: அமெரிக்காவில் பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி வீதம் எல்லாருடைய மதிப்பெண்ணும் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. பிறகு பல நாடுகளிலும் அப்படியே. இரண்டு தலைமுறையில் மரபணு மாறாது. சூழல்தான் மாறியது. ஜென்சன் தரப்பின் அடித்தளத்தை அசைத்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த விவாதத்தை யாராவது முன்கூட்டியே மூடியிருந்தால் அவர் அந்த அட்டவணைகளைத் தேடியே போயிருக்க மாட்டார். இதை அவரே பல முறை சொல்லியிருக்கிறார். 2019-இல் பல்கலைக்கழகங்களில் பேச்சுச் சுதந்திரம் பற்றி அவர் எழுதிய புத்தகத்தை, ஏற்றுக்கொண்ட பதிப்பகமே கைவிட்டது. வேறொரு பதிப்பகம் பிறகு வெளியிட்டது. 85 வயதில் அவருக்கு அது நடந்தது என்பது எனக்கு வருத்தம்.

பிப்ரவரி 21

“அப்படியானால் யார் என்ன உளறினாலும் வேலையில் வைத்திருக்க வேண்டுமா?”

வேண்டாம். ஆய்வுச் சுதந்திரம் என்பது தெருவில் பேசும் சுதந்திரம் அல்ல. தரவைக் காட்ட வேண்டும், முறையை விளக்க வேண்டும், துறை தெரிந்தவர்கள் கிழித்தால் தாங்க வேண்டும். தரவை மறைத்தவரை வெளியே அனுப்பலாம். முடிவு பிடிக்காதவரை அனுப்பக் கூடாது.

இது நமக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும் என்றால் செல்லாது. அமெரிக்காவில் பேராசிரியர்கள் சங்கமாகச் சேர்ந்ததன் பின்னணியில் எட்வர்ட் ராஸ் விவகாரம் உண்டு. 1900-இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து, நிறுவனரின் மனைவி ஜேன் ஸ்டான்ஃபோர்டின் கட்டாயத்தால் வெளியேற்றப்பட்டவர். அவர் ரயில்வே முதலாளிகளுக்கு எதிராகப் பேசியதும் உண்மை, ஆசியர்கள் குடிபுகுவதை இனவெறியோடு எதிர்த்ததும் உண்மை. அவருக்காக வேலையை விட்டவர்களில் ஆர்தர் லவ்ஜாய் ஒருவர். 1915-இல் ஜான் டூயியோடு சேர்ந்து அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் உண்டு. ராஸின் பேச்சைப் படித்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஆனாலும் ஒரு பணக்காரர் சொன்னார் என்பதற்காக ஆசிரியரை அனுப்பியது தவறு.

பிப்ரவரி 27

இத்தனை எழுதியும் ஒரு தரப்பை விட்டுவிட்டேன். ஆராயப்படுகிறவர்கள்.

கிராண்ட் கேன்யனில் வாழும் ஹவசுப்பாய் மக்களிடையே நீரிழிவு அதிகம். 1990-களின் தொடக்கத்தில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீரிழிவுக்காக என்று சொல்லி ரத்தம் எடுத்தார்கள். அதே ரத்தம் பிறகு மனச்சிதைவு நோய், நெருங்கிய உறவுக்குள் திருமணம், முன்னோர் எங்கிருந்து குடிபெயர்ந்தார்கள் என்பது வரை வேறு ஆய்வுகளுக்குப் போனது. அவர்கள் நம்பிக்கையில் அந்தப் பள்ளத்தாக்குதான் அவர்கள் பிறப்பிடம். 2003-இல் அந்த இனத்துப் பெண் ஒருவர், ஒரு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் பார்வையாளராக உட்கார்ந்திருக்கிறார். பேசப்படுவது தன் மக்களின் ரத்தம் என்று தெரிகிறது. எழுந்து, இதற்கு அனுமதி வாங்கினீர்களா என்று கேட்கிறார். வழக்கானது. 2010-இல் 7 லட்சம் டாலருக்குச் சமரசம். மிச்சமிருந்த ரத்த மாதிரிகளையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

நான் அந்த அறையை அடிக்கடி கற்பனை செய்கிறேன். தேர்வாளர்கள், நெறியாளர், மாணவர். எல்லாரும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்வதாகத்தான் நினைத்திருப்பார்கள். அவர் அன்று வராமல் போயிருந்தால்?

கேள்வியைக் கேட்கும் சுதந்திரம் எனக்கு எவ்வளவு பெரிதோ, அதற்கு உடன்படாமல் இருக்கும் சுதந்திரம் அவர்களுக்கும் அவ்வளவு பெரிது. முதல் குறிப்பை இரண்டே வரியில் முடித்துவிடலாம் என்று நினைத்தபோது இது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

மார்ச் 3

மேடத்தைப் போய்ப் பார்த்தேன். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. 17-ஆம் கேள்வி நினைவிருக்கிறதா என்று கேட்டேன். யோசிக்கக்கூட இல்லை.

“இருக்கு. ஒருத்தர் ‘ஆமாம்’னு எழுதியிருந்தா, அன்னைக்கு ராத்திரி நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?”

எனக்குப் பதில் வரவில்லை. படிவத்தில் பெயர் வாங்கவில்லை. யார் என்று தெரிந்திருக்காது. தெரிந்திருந்தாலும் அப்போது எங்கள் நிறுவனத்தில் அனுப்பி வைக்க ஓர் ஆலோசகர் இல்லை. முப்பது ‘ஆமாம்’ வந்திருந்தால், அதை விழுக்காடாக்கி அட்டவணையில் போட்டிருப்பேன். அவ்வளவுதான் என் கையில் இருந்தது.

நிறுவனத்தின் பெயர் கெடும் என்ற பயத்தில்தான் எடுத்தார் என்று இத்தனை ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன். “அதுவும் இருந்தது, இல்லைனு சொல்ல மாட்டேன்” என்றார். “ஆனா முதல்ல இதுதான்.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மேடம்.”

“சொல்லியிருக்கணும்” என்றார்.

மார்ச் 4

நேற்று இரவு முழுக்க அதே நினைப்பு. அவர் காரணம் சரி. ஆனால் அந்தக் காரணத்தை ஓரத்தில் எழுதியிருந்தால், நான் ஆலோசகரைத் தேடியிருப்பேன். அல்லது அடுத்த ஆண்டு சேர்ந்த மாணவர் தேடியிருப்பார். ‘வேண்டாமே’ என்பதோடு நின்றதால் கேள்வியும் போனது, செய்ய வேண்டிய ஏற்பாடும் போனது.

1974-இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் பால் பெர்க்கும் சகாக்களும் சில வகை மரபணு ஒட்டு வேலைகளை யாரும் செய்ய வேண்டாம் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். 1975 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் அசிலோமாரில் சுமார் 140 பேர் கூடி, எந்தச் சோதனைக்கு எவ்வளவு பாதுகாப்பு இருந்தால் செய்யலாம் என்று வகைபிரித்தார்கள். அடுத்த ஆண்டு விதிமுறை வந்தது, பயம் தெளியத் தெளியத் தளர்த்தினார்கள். அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள், பொதுமக்கள் இல்லை என்ற குறை உண்டு. 27-ஆம் தேதி சொன்னதை வைத்துப் பார்த்தால் சின்னக் குறையில்லை. ஆனால் நிறுத்துவதற்கும் ஒரு முறை உண்டு என்று காட்டினார்கள். 2024 டிசம்பரில் 38 விஞ்ஞானிகள் ‘கண்ணாடி உயிர்’ பற்றி எச்சரித்ததும் இதே வழிதான். நம் உடலின் மூலக்கூறுகளுக்கு இடவலம் மாறிய மூலக்கூறுகளால் ஆன பாக்டீரியாவை உருவாக்க வேண்டாம், நம் நோயெதிர்ப்பு அதை அடையாளம் காணாமல் போகலாம் என்றார்கள். அது உருவாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, காரணத்தை விரிவாக எழுதி, மறுக்க விரும்புகிறவர் மறுக்கட்டும் என்று வெளியிட்டார்கள். எழுதியவர்களில் சிலர் அதையே உருவாக்கும் எண்ணத்தில் இருந்தவர்கள்.

முதலில் கேட்டவருக்கு: ஒதுக்கலாம். ஆனால் யார் ஒதுக்கினார், எதற்காக, என்ன கிடைத்தால் மறுபடி எடுக்கலாம் என்று எழுதிவைத்துவிட்டு ஒதுக்குங்கள்.

மார்ச் 19

என்னிடம் இப்போது ஆய்வு செய்யும் மாணவியின் படிவம் ஆய்வு நெறிமுறைக் குழுவிலிருந்து இன்று திரும்பி வந்தது. அவருக்கும் அதே தலைப்புதான், நான் சொல்லி எடுத்ததில்லை. அந்தக் கேள்வி அவர் படிவத்தில் 23-ஆவது. கேள்விக்குக் கீழே அழைப்பு எண் ஒன்றும், ‘இன்றே ஒருவர் உங்களோடு பேச வேண்டுமா?’ என்று தனியாகக் கிழித்துக் கொடுக்கும் சீட்டும். படிவம் நிரப்பும் மூன்று நாட்களும் பக்கத்து அறையில் இரண்டு ஆலோசகர்கள் உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

குழு ஒரே ஒரு திருத்தம் சொல்லியிருக்கிறது: சீட்டு வேறு நிறத்தில் இருக்க வேண்டாம், கையில் வைத்திருப்பதை மற்றவர்கள் பார்ப்பார்கள். வெள்ளையிலேயே அச்சடிக்கக் கொடுத்திருக்கிறோம்.